நான்காவது கதவு

இணையப் பக்க வடிவமைப்பு வகுப்பில் ஆளுக்கொரு பக்கம் செய்து காட்ட வேண்டும். நான் எங்கள் வீட்டை வரைந்தேன். நான்கு கதவுகள். மவுஸை ஒரு கதவின் மேல் கொண்டுபோனால் அது திறந்து அறை தெரியும். நான்காவது கதவு என் அண்ணனின் அறைக்கு. அவன் இறந்து இரண்டு வருடமாகிறது. அந்தக் கதவை வரைந்தேனே தவிர, அது திறப்பதற்கு ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை.

மேடம் என் கணினியில் அமர்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“மூணு கதவு ஜோரா இருக்கு. நாலாவதை ஏன் தலைகீழா எழுதினே? மவுஸ்ல கையை வெச்சா சாத்திக்குது, எடுத்தா திறக்குது. வர்ற விருந்தாளியை விரட்டவா? உள்ள வேற ஒரே இருட்டு.”

“அதுக்கு நான் எதுவுமே எழுதலை மேடம்.”

“அப்ப பக்கத்து வீட்டுக்காரர் வந்து எழுதினாரா? அஞ்சு மணிக்குள்ள சரிபண்ணு. இல்லேன்னா பத்து மார்க் போயிடும்.”

எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். மூன்று கதவுகளுக்குத்தான் இருந்தது. சரிசெய்வதென்றால் அந்தக் கதவையே அழிக்க வேண்டும்.

சின்ன வயதில் அண்ணனின் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டே நிற்பேன். உள்ளிருந்து கத்துவான்: “முதல்ல கையை எடுடி வாலு. அப்பதான் திறப்பேன்.”

ஐந்து மணிக்குப் பக்கத்தை அப்படியே சமர்ப்பித்தேன். எல்லோரும் போன பிறகு மவுஸை நான்காவது கதவுக்குக் கொண்டுபோனேன். சாத்தியிருந்தது. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

கதவு மெல்லத் திறந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.