நாளைக்கு எத்தினி மணிக்கு?

“நாளைக்கு பிளேனு எத்தினி மணிக்கு மாமா?”

பாகராபேட்டை மலைப்பாதையில் கார் ஏறிக்கொண்டிருந்தபோது பத்மினி இப்படிக் கேட்டது மூன்றாவது தடவை.

“ராத்திரி ஒம்போதுக்கு. மெட்ராசுல,” என்றான் ஹரிபாபு.

“அப்ப மத்தியானமே கௌம்பிடணும். இந்த மாசம் போய்ச் சேரலன்னா விசா போயிடும், தெரியுமில்ல?”

இரண்டு வருஷம் கழித்துக் குவைத்திலிருந்து வந்த புருஷனைத் திருப்பி அனுப்புவதில் ஒரு பெண்டாட்டி இவ்வளவு குறியாக இருப்பாளா? ஹரிபாபுவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்த முதல் வாரத்திலேயே கோபமெல்லாம் தீர்ந்து, உள்ளே மரத்துப்போய்விட்டது.

அவன் வந்த நாளிலிருந்து அவள் தனியாகத்தான் படுத்தாள். கேட்டால், உடம்பு சூடு என்றாள். மூன்று வாரத்துக்கு ஒரு நாள் அவள் செல்போன் அணைந்தே கிடக்கும் என்பது அவனுக்குக் குவைத்திலேயே தெரியும். அந்த நாளில் அவள் வேலூர் பஸ் ஏறுகிறாள் என்று இப்போது பக்கத்து வீட்டு செங்கம்மா சொல்லித்தான் தெரிந்தது. வேலூரில் அவர்களுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அதற்காகத்தான் இந்த ஒருநாள் பயணம். சொந்த ஊர் விஜயபுரத்தில் வீட்டுக்கு வீடு காதுகள். மச்சான் கோவர்த்தனனின் இண்டிகா காரை வாங்கிக்கொண்டு, ஹார்ஸ்லி ஹில்ஸ் காட்டுகிறேன் என்று விடியற்காலையிலேயே அழைத்து வந்துவிட்டான். வேலூரில் யார் என்று கேட்க வேண்டும். பதில் தான் நினைத்ததுதான் என்றால், நாளைக்கு ஏறுகிற பிளேனோடு எல்லாம் முடிந்தது. திரும்பி வரப்போவதில்லை.

வளைவில் காற்று வீசி, அவள் தலையில் போட்டிருந்த முந்தானை நழுவியது. மொட்டைத்தலை வெயிலில் பளபளத்தது.

“அவ்ளோ முடியையும் குடுத்துட்டு வந்துக்கீற. இன்னாத்துக்கு?”

“உன் விசாவுக்குத்தான் வேண்டிக்கினேன். சித்திரையிலியே திருமலையில குடுத்தாச்சி. இப்ப ஆடி. இன்னும் அதையே கேட்டுக்கினு கீற!” அவள் முந்தானையை இழுத்து இறுக்கிக்கொண்டாள்.

ஹரிபாபுவும் ஊர் வந்த மறுநாளே திருமலையில் மொட்டை போட்டவன்தான். ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துத் தன் தலையைத் தடவினான். இருபது நாள் முடி, அறுத்த நெல் வயல் மாதிரி முள்முள்ளாகக் குத்தியது.

பீலேரில் டிபனுக்கு நிறுத்தினார்கள். இரண்டு மொட்டைகளைப் பார்த்ததும் கடைக்கார அம்மாள், “திருமலகி போயொச்சாராம்மா? தேவுடு சல்லகா சூஸ்தாடு,” என்று, சாமி நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளும் என்று தெலுங்கில் வாழ்த்திக் கும்பிட்டாள். திருப்பதியைச் சுற்றி நூறு மைலுக்கு மொட்டைத்தலையைப் பார்த்து யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கும்பிடத்தான் செய்வார்கள்.

“நீ துன்னல?”

“வவுறு சரியில்ல. நீ துன்னு மாமா.”

வாயல்பாட்டில் கேட்டுவிடலாம் என்று நினைத்தான், ஊர் தாண்டிவிட்டது. மதனப்பள்ளியில் தக்காளி லாரிகளுக்குப் பின்னால் அரைமணி நேரம் நின்றார்கள், அப்போதும் வாய் வரவில்லை. குவைத்தில் நூற்றிருபதில் வண்டி ஓட்டுகிற மனுஷன், ஒரே ஒரு கேள்விக்குக் கியர் போடத் தெரியாமல் திண்டாடினான்.

மலை உச்சியில் கம்பித் தடுப்பின் ஓரமாக நின்றார்கள். கீழே சின்னச் சின்ன ஊர்கள், நடுநடுவே ஏரிகள். தூறல் ஆரம்பித்திருந்தது.

“நல்லாதான் கீது. பாத்தாச்சி, போலாமா? நாளைக்கு நீ…”

“வேலூர்ல யாரு பத்மினி?”

அவள் திடுக்கிடவில்லை. கீழே தெரிந்த ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“செங்கம்மா சொன்னாளா?”

“யார் சொன்னா இன்னா? நான் ஒண்ணும் கத்த மாட்டேன். யாருன்னு மட்டும் சொல்லு. நாளைக்கு நான்பாட்டுக்குப் போய்க்கினே இருப்பேன்.”

“இன்னா சொன்னாலும் போயிடுவியா?”

“போயிடுவேன்.”

“நின்னுட மாட்டியே? என்மேல சத்தியமா?”

இத்தனை அவசரமா இவளுக்கு! அப்போதும் அவனுக்குக் கோபம் வரவில்லை. நீட்டிய அவள் கையில் கையை வைத்தான். “சத்தியமா.”

பத்மினி அவன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். தூறலில் நனைந்த முகத்தை நெற்றியிலிருந்து கண்வரைக்கும் அழுத்தித் துடைத்துவிட்டு, அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

வெள்ளைக் கைக்குட்டையில் மை இரண்டு தீற்றலாக அப்பியிருந்தது. ஹரிபாபு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் புருவங்களே இல்லை.

“இன்னும் மூணு ஊசிதான் பாக்கின்னு வேலூர் டாக்டரு சொல்லிக்கீறாரு, நீ நாளைக்கு ஏறிடு மாமா.”