பேரிக்காய்ப் படம்

மினியாபொலிஸ் ஓவியச் சந்தையின் கடைசி நாள். லார்னாவின் கூடாரத்தில் ஒரு படம்கூட விற்கவில்லை. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் கிளைட் பேரிக்காய் ஓவியத்தின் முன்னால் வந்து நின்றார்.

"எண்ணூறு டாலரா? அநியாயம் மேடம்!"

"இடவாடகையே நானூத்தம்பது கட்டியிருக்கேன். வித்தா நூத்துக்கு இருபத்தஞ்சு கமிஷன் வேற. நான் என்ன பண்ண?"

"அப்போ சாயங்காலம் வீட்ல வச்சு முடிச்சுக்கலாமே? கமிஷன் மிச்சம்."

"அது திருட்டு. சந்தைக்காரங்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். வேணும்னா ஆபீஸ்ல போய்ப் பணத்தைக் கட்டுங்க."

முனகிக்கொண்டே போய்க் கட்டிவிட்டு வந்த கிளைட், படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பினார்.

பக்கத்துக் கூடாரத்தில் மண்பாண்டம் விற்கும் ஒடெட் ஓடிவந்தாள். "ஒண்ணு வித்துடுச்சே! யாருடி அந்த ஆளு?"

"என் புருஷன். எங்க சமையலறையில மாட்டியிருந்த படம் அது. வெறும் சுவரைப் பாத்துச் சாப்பாடே இறங்கலைன்னு மூணு நாளாப் புலம்பல். சந்தைக்கு வந்தது விலைக்குத்தான்னு கறாராச் சொல்லிட்டேன்."

"அடிப்பாவி! இருநூறு டாலர் கமிஷன் தண்டமாச்சே!"

"போகட்டும்" என்று லார்னா கண்ணைத் துடைத்தபடி சிரித்தாள். "நான் வரைஞ்சது பிடிச்சிருக்குன்னு அவர் காட்டிக்க முப்பது வருஷம் ஆயிருக்கு."