பாசி பிடித்த கண்ணாடி

பக்கவாதத்தில் அப்பாவுக்குப் பேச்சும் போய், பேனா பிடிக்கும் விரல்களும் போயின. பொழுது போகட்டும் என்று அவர் கட்டிலருகே கடல்மீன் தொட்டி வைத்தேன். மூன்றே வாரத்தில் கண்ணாடி முழுக்கப் பாசி. போட்டோ எடுத்துத் தொட்டி வாங்கிய கடைக்கு அனுப்பினேன்.

"புதுத் தொட்டின்னா அப்படித்தான் சார். லைட்டைக் குறைங்க," என்றார் கடைக்காரர்.

நான் அணைப்பேன், அப்பா முழங்கையால் சுவிட்சைத் தட்டிப் போட்டுவிடுவார். பாசி சுரண்டும் காந்தத்தை உள்ளங்கையால் கண்ணாடிமேல் தள்ளிக்கொண்டே இருப்பார். கோணல்மாணலாகக் கோடுகள்தான் மிஞ்சும். ஒருநாள் அதையும் போட்டோ எடுத்துக் கடைக்கு அனுப்பினேன். சாயங்காலம் நான் முழுக்கத் துடைப்பேன். அவர் கண்ணில் நீர் வடியும். சொட்டு மருந்து போடுவேன்.

"உருப்படியா துடைக்கவும் தெரியல, சும்மா இருக்கவும் தெரியல," என்றாள் மனைவி, அவர் எதிரிலேயே. "ஹோம்ல விட்டுடலாங்க. அவருக்கென்ன, புரியவா போகுது?"

விட்டுவிட்டு வந்து, கடைக்குப் போன் செய்தேன்.

"பாசி போயிடுச்சு. தொட்டியைத் திருப்பி எடுத்துக்கிறீங்களா?"

"எடுத்துக்கிறேன் சார். நீங்க கடைசியா அனுப்பின போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். பாசியில 'எனக்குக் காது கேக்குது'ன்னு எழுதியிருக்கே! வீட்ல குழந்தைங்க இருக்காங்களா?"

"இல்லைங்க," என்றேன். "இப்போ நாங்க ரெண்டு பேருதான்."