பால் காய்ச்சும் பாத்திரம்

தென்காசியிலிருந்து கான்பூர் வரை, ஓட்டுநர் இல்லாத வண்டியில் மூன்று நாளும் பால் காய்ச்சும் புதுப் பாத்திரத்தைத் திலகவதி மடியிலேயே வைத்திருந்தாள். அங்கே குடியேறப்போகும், புதிதாகக் கட்டிய வாடகை வீட்டை அவள் கணவன் அருணகிரியும் போனில்தான் பார்த்திருந்தானாம்.

வீட்டுக்குள் போய்ப் பாலை ஏற்றியதும் அடுப்பு தமிழில் பேசியது. கடைசி நாள் முழுக்க இந்தியே கேட்டு வந்தவளுக்கு முகம் மலர்ந்தது.

"பொங்கி வழியட்டுமா? போன மாசம் பால் காய்ச்சினப்ப அந்த அக்கா அப்படித்தான் விடச் சொன்னாங்க."

"யாரு, வீட்டுக்காரம்மாவா?"

"இல்லீங்க. சார்கூட வந்தவங்க."

திலகவதி திரும்பிப் பார்த்தாள்.

"அது ஏதோ உளறுது, திலகா," என்ற அருணகிரி, அடுப்பிடம், "அணைஞ்சிரு," என்றான்.

பழகாத குரலுக்கு எந்த அடுப்பும் அணையாது. இது உடனே அணைந்தது.