யாருடைய கை?

தவறு நேர்ந்த ரோபோ ஆபரேஷன்களை, செய்தவர் பெயரை மறைத்துத் திரையிடும் கூட்டம் அது. பித்தப்பையைப் பிரிக்கையில் ரத்தக்குழாய் அறுந்து திரை சிவந்ததும், உதவி டாக்டர் தலை குனிந்துகொண்டாள்.

தலைமை டாக்டர் கொதித்தார். "ரத்தக் குளத்துல கண்ணை மூடிட்டு கிளிப் போடுறதைப் பாரு! முதல்ல பஞ்சு வெச்சு அழுத்தத் தெரியாதா? இந்த மகானுபாவனை இனி ரோபோ பக்கமே விடாதீங்க!"

"சார்... அது நீங்கதான்," என்றார் வீடியோ ஓட்டியவர்.

தலைமை டாக்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"அப்போ பக்கத்துல நின்னது யாரு?"

அவள் எழுந்தாள்.

"எடுத்துச் சொல்ல வாயில்லையாம்மா உனக்கு? நாளையிலேர்ந்து ரோபோ பக்கம் வராதே."

"அழுத்திப் பிடிக்கலாம் சார்" என்று அன்று கெஞ்சியவளிடம், "எனக்கே பாடமா?" என்று சீறியவர் அவர்தான். வீடியோவில் ஒலி மட்டும் இல்லை.