லத்தீன் மருந்து

"கசிப்புச் சாராயம் காய்ச்சுற ஆளு மட்டும் கையில கெடைக்கட்டும், தொரைகிட்ட சொல்லி லயத்து வீட்டவிட்டே வெரட்டுறேன்!" என்று பொருமியபடி, தேயிலைத் தோட்டத்து மருந்தய்யா மருந்து அலமாரியைத் திறந்தார்.

மலையில் கொழுந்து பறிக்கையில் மழையில் நனைந்து வந்த வீராயி, கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு நின்றாள்.

லேபிள் ஒட்டிய போத்தலிலிருந்து ஒரு மடக்கு ஊற்றிக் கொடுத்தார்.

"அக்குவா விட்டே. லத்தீன் பேரு. உயிர்த் தண்ணின்னு அர்த்தம். சீமையிலேருந்து வருது. ஒனக்கெல்லாம் எங்க தெரியப் போகுது?"

வீராயி விழுங்கிவிட்டுச் சப்புக்கொட்டினாள்.

"தெரியுமுங்க. அன்னாசித் தோலு போட்டு இந்தத் தோட்டத்துல காய்ச்சுறது நான் ஒருத்திதாங்க."

மருந்தய்யா போத்தலை அவசரமாக அலமாரிக்குள் தள்ளினார்.

"இனிமே நேரா என்கிட்டயே வாங்கிக்குங்க ஐயா. ஒங்களுக்குக் கொண்டாந்து குடுக்கிறவன் பாதிக்குப் பாதி தண்ணி கலக்குறான்."