குமிழைக் கெடுத்தவள்

சல்லடையைத் தேய்த்த தேய்ப்பில் கம்பியே அறுந்துவிடும் போலிருந்தது. மனசுக்குள் இவள் தேய்த்துக்கொண்டிருந்தது தொட்டியில் கூட வேலை பார்க்கிற அக்காவை.

நகல் தாள் செய்கிற கம்பெனி அது. மேல் தாளில் எழுதினால் அடித்தாளில் நீலமாக விழுமே, அந்தத் தாள். அதன் முதுகில் பூசுகிற மைக்குமிழ்களைத் தொட்டியில் கலக்குவதுதான் நேற்றுவரை இவள் வேலை. கண்ணுக்கே தெரியாத குமிழ்கள். கலக்குகிற வேகம் குறைந்தால் பெருத்துவிடும். தாளை அடுக்கும்போதே உடைந்து நீலம் அப்பிக்கொள்ளும்.

நேற்று அப்படித்தான் ஒரு தொட்டி வீணானது.

"இவளுக்குக் கவனம் பத்தாது சார், மக்கு" என்று அக்கா எல்லார் முன்னாலும் சொல்ல, சூப்பர்வைசர் இவளைச் சல்லடை கழுவுகிற இடத்துக்குத் தள்ளிவிட்டார்.

இப்போது அக்காவே வாளியோடு வந்து நின்றாள்.

"என்னடி, மூஞ்சி உப்பிப் போய்க் கிடக்கு?"

வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள், வெடித்தாள். "வேகத்தைக் குறைச்சது நீங்க. என் கண்ணால பாத்தேன். நான் உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்? நல்லா இருப்பீங்களா நீங்க?"

"ஆமா, நான்தான் குறைச்சேன்."

இப்படிப் பட்டென்று ஒத்துக்கொள்வாள் என்று இவள் நினைக்கவில்லை. கோபம் இன்னும் ஏறியது. "ஏன்?"

"தொட்டிக்குப் பின்னால போய் வாந்தி எடுத்துட்டு வாயைத் துடைச்சிக்கிட்டு வர்றியே, எனக்கென்ன கண்ணு பொட்டையா? குமிழுக்குத் தோல் இறுகறதுக்கு ஊத்துறோமே மருந்து, அந்த நெடியில நின்னுதான் எனக்கு ரெண்டாவது தங்கல."

குழாயில் தண்ணீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"மாசமா இருக்கான்னு சொன்னா அந்த சூப்பர்வைசர் உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவான். அப்புறம் உன் மூத்தவனுக்கு யாரு சோறு போடுவா? மக்குன்னு சொன்னா இடத்தைத்தான் மாத்துவான்."

"எங்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா நீ நடிக்கணும். உனக்குத்தான் பொய்யே வராதே. நேத்து நீ அழுத அழுகையிலதான் அவன் நம்பினான்."

உள்ளேயிருந்து சூப்பர்வைசரின் பூட்ஸ் சத்தம் நெருங்கியது. அக்கா கண்ணைக் காட்டினாள்.

இவள் தொண்டையைச் செருமிக்கொண்டு குரலை உயர்த்தினாள். "போங்க அந்தப் பக்கம். நீங்க எனக்குச் செஞ்சதை நான் இந்த ஜென்மத்துக்கும் மறக்க…"

"அங்க என்ன சண்டை?" என்று சூப்பர்வைசர் அக்காவைப் பார்த்தார். "கழுவின சல்லடையை எடுத்துக்கிட்டு வாம்மா."